வாத்துக் கூட்டத்தில் மாப்பிள்ளை

என் அப்பா எர்லெண்டுக்குப் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம்.

“கல்யாண விருந்துல நம்ம பார்லியத் தின்னு கொழுத்த வாத்துதான் போடணும். அத மாப்பிள்ளையே சுடணும். முடியலன்னா நிலத்த பக்கத்து வயல் சிகர்டுக்குக் குடுத்துடுவேன். நீங்க ரெண்டு பேரும் அபெர்டீன் பட்டணத்துக்குக் கப்பலேறுங்க” என்றார்.

எங்கள் ஸ்ட்ரோன்சே தீவில் ஆளைவிடக் காட்டுவாத்துதான் அதிகம். ஒரு கூட்டம் வயலில் இறங்கிவிட்டுப் போனால் வெறும் தாள்தான் மிச்சம். ஆனால் எமகாதக வாத்துகள்! அப்பாவின் தொப்பி தெரிந்தாலே எட்டாத உயரத்தில் சுற்றிக் கத்திவிட்டுப் போய்விடும். நான் கட்டிக்கொள்ளப்போகிற ஃபெர்கஸோ காற்றாலை பழுதுபார்க்க வந்தவன். அவன் சுட்டதில் எங்கள் தண்ணீர்த்தொட்டி ஓட்டையானதுதான் கண்ட பலன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். கேக் வந்துவிட்டது, வாத்து வரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரு பறவைக்காக எங்க வாழ்க்கையில மண்ணள்ளிப் போடாதப்பா!”

“ஒரு வாத்த வெரட்டத் தெரியாதவன் இந்த நிலத்த எப்படிடி காப்பாத்துவான்?”

இந்த வயலை விட்டுவிட்டு நான் எங்கே போய் இருப்பேன்?

மத்தியானம் அவன் கூட்டாளிகள் வந்து ஃபெர்கஸை அள்ளிக்கொண்டு போனார்கள். கல்யாண மாப்பிள்ளைக்குக் கண்டதையும் பூசி ஊர்வலம் விடுவது எங்கள் தீவு வழக்கம், சும்மா விடுவார்களா? தலையோடு கால் கறுப்பு வெல்லப்பாகு, அதன்மேல் மாவு, அதற்கும்மேல் பழைய தலையணையைக் கிழித்து இறகு. டிராக்டர் வண்டியில் ஏற்றி, தகரம் தட்டி, தீவு முழுக்கச் சுற்றினார்கள். பீர் தீர்ந்ததும் எங்கள் வயலில் இறக்கிவிட்டு, “நடந்து வாடா மாப்ள!” என்று கிளம்பிவிட்டார்கள். பாவி மனுஷன், குடித்த குடிக்கு அங்கேயே குப்புற விழுந்து தூங்கிவிட்டான்.

இது எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் அப்பா வழக்கம்போல வாத்து விரட்டத் துப்பாக்கியோடு வரப்புப் பள்ளத்தில் பதுங்கினார். நான் பக்கத்தில். வாத்துக்கூட்டம் வந்தது, சுற்றியது, கீழே பார்த்தது. நம்ம ஆள் ஒருத்தன் நிம்மதியாக மேய்கிறான் என்று நினைத்ததோ என்னவோ, மொத்தமும் சடசடவென்று இறங்கிவிட்டது. அப்போதுதான் நடுவில் கிடந்ததற்கு பூட்ஸ் இருப்பதைக் கவனித்தேன்.

“அப்பா, சுடாத! அது ஃபெர்கஸ்!”

“அடக் கடவுளே! எது வாத்து, எது மாப்பிள்ளன்னே தெரியலியே!”

சிரிப்பை அடக்க என் முஷ்டியைக் கடித்துக்கொண்டேன். அதற்குள் ஒரு வாத்து அவன் காதிலிருந்த மாவைக் கொத்தியது. “ஐயோ அம்மா!” என்று அலறி எழுந்தவன் கையை விரித்துக்கொண்டு ஓடினான். மிரண்ட கூட்டம் உயரம் ஏற நேரமில்லாமல் எங்கள் தலைக்கு மேலேயே வந்தது. அப்பா அண்ணாந்து சுட்டார், தோட்டா மாற்றிச் சுட்டார், மறுபடியும் சுட்டார். பொத்துப் பொத்தென்று விழுந்தன. ஃபெர்கஸும் விழுந்தான், பயத்தில்.

விருந்துக்கு நெஞ்சுக்கறியை வெண்ணெயில் சிவக்க வாட்டினோம். தொடைகளை வெங்காயம் போட்டு, கறுப்பு பீர் ஊற்றி, எலும்பு கழன்று வரும்வரை வேகவைத்தோம். கூடமே மணத்தது. எனக்கு மட்டும் ஒரு வாய் இறங்கவில்லை. சுட்டது அப்பா. தான் அடித்த பறவையை அடுத்தவன் கணக்கில் எழுத விடாதவர் அவர். நேற்றிலிருந்து நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சிகர்ட் விரலை நக்கிக்கொண்டே கூடம் முழுக்கக் கேட்கும்படி கேட்டான்: “என்ன எர்லெண்டு, இத யாரு சுட்டது?”

எல்லோரும் திரும்பினார்கள். ஃபெர்கஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவன் காதோரம் இன்னும் பாகு.

அப்பா மெல்ல மென்று விழுங்கினார்.

“என் மருமவன்தான். வேற யாரு?”

“அவனா! அப்ப நீ?”

“எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுய்யா. தட்ட இங்க நகத்து.”

நான் கல்யாண உடுப்போடு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

“விடுடி கழுத, குழம்பு கொட்டுது” என்றார்.