சுகாதார அமைச்சின் கடைசிக் கோப்பு

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஞானமலரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் ஒரு காலத்தில் அமைச்சர் ஒருவரின் அலுவலகத்தில் தட்டச்சாளராக இருந்தவர் என்பது அங்கே எவருக்கும் தெரியாது. முப்பத்தைந்து வருடங்களாக அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஊரில் போர் நடந்த காலத்தில் இரண்டு கட்சிகள் சேர்ந்து அமைத்த மாகாண அரசு அது. ஒரு வருடமும் சில மாதங்களும்தான் இருந்தது. காவலுக்கு நின்ற அயல்நாட்டுப் படை கப்பலேறத் தொடங்கியதும் அமைச்சர்களும் புறப்பட்டுவிட்டார்கள். அங்கே வேலை செய்தவர்களை, அந்த அரசை எதிர்த்த இயக்கத்தார் துரோகிகள் என்று தேடினார்கள். ஞானமலர் தப்பிப் பாரிசுக்கு வந்து, அலுவலகங்களைத் துப்புரவு செய்து, இப்போது ஓய்வூதியத்தில் இருக்கிறார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் பூசை முடிந்து வழக்கமான தேத்தண்ணிக் கடையில் இருந்தார். பக்கத்து மேசையில் தவரத்தினம் பழைய அரசியல் பேசிக்கொண்டிருந்தார்.

“அதுவும் ஒரு அரசாங்கமே? மந்திரிசபை எண்டு வரிசையா இருந்து போட்டோ எடுத்தவை. சனத்துக்கு ஒண்டும் செய்யேல்லை.”

இந்தப் பேச்சை ஞானமலர் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். வழக்கம்போலக் குனிந்து தேத்தண்ணியைக் குடித்தார்.

வடைத் தட்டோடு வந்த கோசலை நின்றாள். ஒரு மாதத்துக்கு முன்தான் அந்தக் கடைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

“அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. என்ரை மகள் உயிரோடை இருக்கிறதே அந்த அரசாங்கத்தாலைதான்.”

மன்னார்க் கரையோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. கோசலையின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை பூட்டு. மின்சாரமும் இல்லை.

“அதுக்கு முதல் கிழமைதான் ஒரு ஜெனரேற்றர் வந்து இறங்கினது. அதைப் போட்டுத்தான் எனக்கு ஒப்பரேசன் செய்தவை. மாகாண அரசு அனுப்பின கடைசிச் சாமான் இதுதான் எண்டு டொக்டர் சொன்னவர்.”

ஞானமலர் நிமிர்ந்தார். “எந்த மாசம்?”

“பங்குனி, மலரக்கா. தொண்ணூறாம் ஆண்டு.”

“அந்த ஃபைலை நான்தான் டைப் அடிச்சனான்,” என்றார் ஞானமலர். கோப்பையைக் கீழே வைத்தார்.

சுகாதார அமைச்சர் ஒரு கட்சி, நிதி அமைச்சர் மற்றக் கட்சி. இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஜெனரேற்றர் கேட்ட கோப்பு மூன்று முறை மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. கடைசிக் கிழமையில் சுகாதார அமைச்சர் நாலாம் முறையாகக் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விட்டார். நிதி அமைச்சரின் ஒப்பம் இல்லாமல் களஞ்சியக்காரர் சாமானைத் தரமாட்டார். ஞானமலர் சைக்கிளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார். நிதி அமைச்சர் மனைவியோடு கப்பலேறும் வரிசையில் நின்றிருந்தார்.

“‘அரசாங்கமே முடிஞ்சுது தங்கச்சி. இனி என்ரை கையெழுத்துக்கு என்ன பெறுமதி?’ எண்டு கேட்டார். ‘களஞ்சியக்காரருக்கு அது இன்னும் தெரியாது சேர்’ எண்டன். சிரிச்சுப்போட்டு, சூட்கேசுக்கு மேலை வைச்சுக் கையெழுத்துப் போட்டார். ‘இந்த முறை நான் மறுக்கேல்லை எண்டு சுகாதார மந்திரியிட்டைச் சொல்லு’ எண்டார்.”

“சொன்னீங்களோ?” என்று கேட்டார் தவரத்தினம்.

“எங்கை சொல்லுறது? பிறகு நான் அவரைக் காணவேயில்லை. அடுத்த வருசம் ரெண்டு பேரையும் சுட்டுப்போட்டாங்கள்.”

லொறியில் சாமான் ஏறும்வரை நின்றதில், அலுவலகக்காரரை ஏற்றிப்போன கப்பலை ஞானமலர் தவறவிட்டார். கன்னியர் மடமொன்றில் ஏழு மாதம் ஒளிந்திருந்தார்.

“லொறி போய்ச் சேர்ந்ததோ இல்லையோ எண்டு இண்டுவரைக்கும் எனக்குத் தெரியாது,” என்றார்.

“சேர்ந்தது அக்கா,” என்றாள் கோசலை. மகளைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

தவரத்தினம் தன் கதிரையை ஞானமலரின் மேசைப்பக்கம் இழுத்தார். “நான் ஒவ்வொரு ஞாயிறும் உங்களுக்கு முன்னாலைதான் இதைக் கதைச்சிருக்கிறன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா.”

“உங்களுக்குத் தெரியாதுதானே.”

ஒரு மணித்தியாலத்துக்குள் பாரிசுக்கு வெளியே இருக்கும் கூசேன்வில்லிலிருந்து கோசலையின் மகள் துஷாந்தி வந்து சேர்ந்தாள். விமான நிலைய வேலை உடுப்பை மாற்றாமலே வந்திருந்தாள். “மெர்சி, மதாம்,” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னவள், பிறகு தமிழைத் தேடித் தேடி, “அம்மா இப்பதான் சொன்னவ. எனக்கு ரெண்டு பிள்ளையள் இருக்கினம். அவையளையும் கூட்டிக்கொண்டு வாறன்,” என்றாள்.

ஞானமலர் அவள் கன்னத்தைத் தொட்டார். “நீ எனக்கு நன்றி சொல்ல வேண்டாம் பிள்ளை. நான் செய்த வேலை வீண்போகேல்லை எண்டு வந்து காட்டினாயே, அது எனக்குப் போதும்.”

அடுத்த ஞாயிறு அவர் கோவிலில் இறந்தவர்களுக்கான பூசை ஒன்று ஒப்புக்கொடுத்தார். இரண்டு அமைச்சர்களின் பெயர்களையும் குருவானவர் உரத்து வாசித்தார். சைவக்காரியான கோசலை பேரப்பிள்ளைகளோடு முன்வாங்கில் இருந்தாள். எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று தெரியாமல், பக்கத்திலிருந்த ஞானமலரைப் பார்த்துப் பார்த்து எழும்பினாள்.