நாத்தனார் முடிச்சு

என் அண்ணன் கல்யாணத்தில் தாலியின் முதல் முடிச்சை அவன் போட வேண்டும், அடுத்த ரெண்டையும் நான் போட வேண்டும். அவனோடு கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். நான் போடக் கூடாது என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள், எங்கள் வீட்டாரும் தலையாட்டிவிட்டார்கள். நான் செய்த குற்றம் என்னவென்றால், பாண்டிச்சேரிக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தேன்.

இது 2004 ஆவணியில் நடந்தது. எங்களுக்கு அனுமந்தன்பட்டி. அப்பா சுருளியாண்டிக்கு ரெண்டு ஏக்கர் திராட்சைப் பந்தல். உத்தமபாளையத்தில் பி.ஏ. முடித்ததும் நானே நுழைவுத் தேர்வு எழுதி, இடம் கிடைத்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். அப்பா பதினைந்து நாள் என்னோடு பேசவில்லை. பதினாறாம் நாள் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். ஆனால் அதோடு, ஊரில் யார் கேட்டாலும் 'புள்ள பி.எட். படிக்குது' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது தெரியாது.

அங்கே நான் சும்மா இருக்கவில்லை. காலை ஆறு மணிக்குத் தரையில் உருண்டு புரண்டு உடம்பைப் பழக்கினோம். மதியம் ஒரே ஒரு விளக்கை இடம் மாற்றி மாற்றி வைத்து ஒரு முகம் எத்தனை முகமாகிறது என்று பார்த்தோம். சாயங்காலம் படம் போட்டு, ஒரே காட்சியை எட்டுத் தடவை ஓட்டி, கேமரா ஏன் அந்த மூலையில் நிற்கிறது என்று சண்டை போட்டோம். ஒயிலாட்டம் கூட ஆடினேன். எங்கள் ஊர்த் திருவிழாவில் அதை ஆண்கள் ஆடுவார்கள், நாங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம். முதல் தடவை கையில் துணியைப் பிடித்து வரிசையில் நின்றபோது எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கால்களை எங்கே ஒளித்து வைத்திருந்தேன் என்று தோன்றியது.

அண்ணன் கர்ணனுக்குக் கெங்குவார்பட்டியில் பெண் பேசி முடித்தார்கள். பெண்ணின் அப்பா ஒச்சாண்டி தலைமையாசிரியர். நாத்தனாரும் டீச்சராகப் போகிறாள் என்றதும் மனிதருக்கு வாயெல்லாம் பல்லாம். லீவில் வந்த என் முன்னால் ஐந்நூறு பத்திரிகையை வைத்து, கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று கவர் எழுதச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் பத்திரிகை என்றால் குடும்பத்தில் ஒருத்தர் விடாமல் பேர் போட்டு, பேருக்குப் பின்னால் படிப்பும் போட வேண்டும். முடித்த படிப்பு, முடிக்கப்போகிற படிப்பு எல்லாம் வரும். என் பேரைத் தேடினேன். 'பிச்சையம்மாள், பி.ஏ., பி.எட்.' என்று இருந்தது.

அச்சில் தப்பு விழுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அம்மா சோணையம்மாளிடம் கேட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம்தான் ஒரு வருஷத்துக் கதை முழுதும் வெளியே வந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கவர் எழுதிய பேனாவாலேயே ஒவ்வொரு பத்திரிகையிலும் பி.எட்.டை அடித்தேன், பக்கத்தில் 'எம்.ஏ. நாடகம்' என்று எழுதினேன். ஐந்நூறிலும் எழுதினேன். கை வலித்தது, நிறுத்தவில்லை.

அப்பா கண் மங்கியும் கண்ணாடி போடாத மனிதர். எடுத்துப் பார்க்காமல் மறுநாளே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு சம்பந்தி வீட்டில் கொண்டுபோய் நீட்டிவிட்டார். ஒச்சாண்டி வாத்தியார் இல்லையா, எழுத்துப் பிழை பார்த்தே பழகிய கண். அங்கேயே சிவந்துவிட்டாராம்.

மூன்றாம் நாள் நாலு பெரிய மனிதர்களோடு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். கல்யாணத்தை நிறுத்தவில்லை என்றார். ஆனால் மேடையில் ஆடுகிற கை தன் மகள் தாலியில் படக் கூடாதாம். வேண்டுமானால் ஒரு வழி இருக்கிறதாம். இதை விட்டுவிட்டு பி.எட். சேர்கிறேன் என்று இந்த நாலு பேர் முன்னால் நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாராளமாகக் கட்டலாம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்த வார்த்தை மட்டும் என் வாயில வராதுங்க" என்றேன்.

பெரியப்பா மகள் ராக்கம்மாள் முடிச்சுப் போடுவது என்று முடிவானது. என்னைப் பந்தியைக் கவனிக்கச் சொன்னார்கள். அண்ணன் ராத்திரிச் சாப்பாட்டில் தலையைக் குனிந்துகொண்டு, ரெண்டு முடிச்சுதானே, விடு பிச்சை என்றான். அவன் கோழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த நேரத்தில் அவனை எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு அது ரெண்டு முடிச்சு. எனக்கு அது, நான் இந்த வீட்டுப் பெண்ணா இல்லையா என்பது.

பெரியகுளத்தில் பெண் வீட்டார் பிடித்த மண்டபம். நான் பந்திப் பக்கம் போகவே இல்லை. அரக்குப் பட்டு கட்டி, பூ வைத்து, முதல் வரிசையில் உட்கார்ந்தேன். கெட்டிமேளம் எழுந்தது, அட்சதை பறந்தது, அண்ணன் குனிந்து முதல் முடிச்சைப் போட்டான். ராக்கம்மாள் கையை நீட்டுவதற்குள் நான் படியேறிவிட்டேன். அவள் பாவம், என்னைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டாள்.

ஒச்சாண்டி குறுக்கே கையை வைத்தார். அப்பா கீழேயிருந்து இங்கன வா என்று சாடை காட்டினார். மேளச் சத்தத்தில் யார் சொல்வதும் யாருக்கும் கேட்காது என்று ஒச்சாண்டிக்குத் தைரியம். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிறபடி அடிவயிற்றிலிருந்து பேசுவதற்கு எனக்கு ஒரு வருஷம் பாடம் நடந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

"என் பேரு பிச்சையம்மாள். பல்கலைக்கழகத்துல நாடகம் படிக்கிறேன். மாப்பிள்ளைக்குத் தங்கச்சி நான். முடிச்சுப் போட வந்திருக்கேன்."

தவில்காரர் திகைத்துப்போய்க் குச்சியை நிறுத்திவிட்டார். நாயனமும் நின்றது. தாலி ஏறும்போது மேளம் நிற்கலாமா? வாசிங்கப்பா, வாசிங்கப்பா என்று நாலு பக்கமும் பதறினார்கள். ஒச்சாண்டி கையை எடுக்கவில்லை. ஒரு அடி பின்னால் வைத்திருந்தால் அப்புறம் எந்த மேடையிலும் என்னால் நின்றிருக்க முடியாது.

அப்போது குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண், என் மதினி மலையம்மாள், பூவோடு கனத்த தன் பின்னலைத் தூக்கி முன்னால் போட்டுக்கொண்டாள். கழுத்து தெரிந்தது. தன் அப்பாவைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"என் கழுத்துலதானப்பா கட்டுறாக. கட்டட்டும்."

ஒச்சாண்டியின் கை தானாக இறங்கியது. மேளம் மறுபடி பிடித்துக்கொண்டது. அண்ணன் மஞ்சள் கயிற்றின் ரெண்டு முனையையும் என் கையில் கொடுத்தான்.

முறைப்படி எனக்கு ரெண்டு முடிச்சு. நான் மூன்று போட்டேன்.