தலைமாட்டு முடிச்சு

"தலைமாட்டை நீங்க கட்டுங்கோ தம்பி. கூடப்பிறந்தவர் நீங்கதானே" என்று சொல்லி, இறந்தவரைப் பொதியும் கஃபன் துணியில் கிழித்த நாடாவைப் பள்ளிவாசல் லெப்பை யூசுப்பின் கையில் கொடுத்தார்.

கால்மாட்டையும் இடுப்பையும் லெப்பையே கட்டி முடித்திருந்தார். பெண்கள் கடைசியாக முகம் பார்த்துவிட்டு உள்ளே போயாயிற்று. யூசுப் வெள்ளைத் துணியை இழுத்து அண்ணன் இஸ்ஸதீனின் முகத்தை மூடினான். மூடுவதற்கு முன், தாடியில் ஒட்டியிருந்த கற்பூரத் தூளைத் தட்டிவிடக் கை போனது. தட்டலாமோ கூடாதோ என்று தெரியாமல் விட்டுவிட்டான். ஊரோடு ஒட்டி இருந்தவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். காலையில்தான் மெயில் ரயிலில் வந்து இறங்கினான்; தம்பி வரட்டும் என்று மையித்தை அடக்காமல் வைத்திருந்தார்கள்.

துணியின் நுனியைத் திரட்டிப் பிடித்து நாடாவைச் சுற்றினான். கண்ணீர் பார்வையை மறைத்தது. கை தன்பாட்டில் வேலை செய்தது. சுற்றி, உள்ளே விட்டு, மறுபடி சுற்றி, இழுத்து இறுக்கி, இரண்டு நுனியும் வெளியே தெரியாமல் உள்ளே செருகியது. மேலே யாரோ பன்னீர் தெளித்தார்கள். நாடா நனைந்தது.

அந்தக் கை பழகியது அப்படி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டு யூசுப் ஆராய்ச்சி செய்தது முடிச்சுகளைப் பற்றி. கயிற்று முடிச்சு அல்ல, உயிர்க்கலத்துக்குள் டீ.என்.ஏ. இழையில் விழுகிற முடிச்சு. பார்வைக்குச் சிக்கலாய்த் தெரிவதில் எது இழுத்தாலே அவிழும், எதை எத்தனை தரம் வெட்டி ஒட்டினால் அவிழும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவன் வேலை. அதற்காகச் சட்டைப்பையில் எப்போதும் சணல்நூல் வைத்திருப்பான், முடிச்சுப் போட்டு நுனிகளை மறைத்து ஒட்டிவிடுவான். நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவன் கணக்கில் அது முடிச்சே இல்லை. அண்ணனை அவன் காக்கா என்றுதான் கூப்பிடுவான். பெரியகடையில் புடவைக்கடை வைத்திருந்த காக்காவிடம், உங்கடை தம்பி கம்பஸிலை என்ன செய்யிறார் என்று யாராவது கேட்டால், "நூல் கோக்கிறானாம்" என்பாராம். கேட்பவர்கள் சிரிப்பார்கள். காக்கா சிரிப்பதில்லை.

சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. காக்காவின் மனைவி நஜ்முன்னிஸாவுக்குக் கமீலா என்று ஒரு தங்கை. அவளை யூசுப்புக்கு எடுப்பதாகக் காக்கா மாமனாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். யூசுப்பும் ஓம் என்றுதான் சொன்னான். பிறகு ஆராய்ச்சி முடியட்டும் என்றான். பிறகு, ஒரு பெருநாளுக்கு வந்த இடத்தில், படலைக்கு வெளியே ஒரு காலை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்பதுபோல, "எனக்கு உது சரிவராது காக்கா" என்று சொல்லிவிட்டு நடந்தான். எவ்வளவு படித்தாலும் சில விஷயத்தில் மனிதன் தற்குறிதான். கமீலாவைப் பிறகு புத்தளத்தில் கட்டிக்கொடுத்தார்கள், அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். மாமனார் முகத்தில் முழிக்க முடியாமல் போனது காக்காவுக்குத்தான். தம்பியின் பெயரை அதற்குப் பிறகு அவர் வாயில் எடுக்கவில்லை. வருசங்கள் அப்படியே போயின.

போன வருசம், சொல்லாமல் கொள்ளாமல், காக்கா பேராதனைக்கு வந்து நின்றார். கண்டியில் துணி எடுக்க வந்த இடமாம். தொப்பியும் குடையுமாக அந்தச் சின்ன அறையில் அவர் உட்கார்ந்தபோது யூசுப்புக்கு என்ன கதைப்பதென்றே தெரியவில்லை. தெரியாதபோது வாத்திமார் வழக்கமாகச் செய்வதைச் செய்தான். பாடம் நடத்தினான். மேசையில் இரண்டு சணல் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று கொழுவிக் கிடந்தன. அவற்றை எடுத்துக் காட்டினான்.

"இதைப் பற்றீரியாவின்ரை டீ.என்.ஏ. எண்டு வையுங்கோ காக்கா. அது வளையமாத்தான் இருக்கும். ஒண்டு ரெண்டாகேக்கை, ரெண்டும் இப்பிடிக் கொழுவிக்கொண்டுதான் பிறக்கும். இழுத்துப் பிரிக்கேலாது."

"அப்ப என்ன செய்யிறது?"

"அதுக்கெண்டு ஒரு நொதியம் இருக்கு. அது ஒண்டை வெட்டும். மற்றதை அந்த வெட்டுக்குள்ளாலை போகவிடும். பிறகு வெட்டினதை ஒட்டிப்போடும்."

காக்கா வளையங்களை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். துணியின் தரம் பார்ப்பவர்போலச் சணலை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஒட்டினாப் பிறகு, வெட்டின இடம் தெரியுமோ?"

"தெரியாது. ஒரு அடையாளமும் இருக்காது. வெட்டாத மாதிரியே இருக்கும்."

"அப்பிடியோ" என்றார் காக்கா. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "பெருநாளைக்கு வாவன்" என்றார்.

"பாப்பம் காக்கா."

விளக்கம் நன்றாக அமைந்துவிட்டது என்ற திருப்தியோடு யூசுப் மேசைக்குத் திரும்பினான். பெருநாளுக்குப் போகவில்லை. சோதனைத் தாள் திருத்த இருந்தது.

மையித்தை வைத்த சந்தூக்கு தெருவில் இறங்கியதும் தோள்கள் மாறி மாறி வந்தன. யூசுப் தன் தோளை இன்னொருவருக்கு விட்டு ஓரமாக நடந்தபோது பக்கத்தில் தியாகலிங்கம் வந்து சேர்ந்துகொண்டார். காக்காவின் கடைக்கு அடுத்தது அவருடைய பாத்திரக்கடை. தந்தி அடித்தவரும் அவர்தான்.

"துணி அளந்துகொண்டு நிண்ட மனிசன்" என்றார். "கத்தரிக்கோலை வைச்சிட்டு நெஞ்சைத் தடவினார். நான் ஓடிப்போய்ப் பிடிக்கிறதுக்குள்ளை முடிஞ்சுது."

"ஏதும் சொன்னவரோ?"

"ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி."

சந்தி திரும்பியதும், இதைச் சொல்லலாமோ என்று யோசித்து முடித்தவர்போலத் தியாகலிங்கம் தொண்டையைச் செருமினார்.

"பேராதனையாலை வந்த அண்டைக்குத்தான் நல்லாக் கதைச்சவர். என்ரை கடைக்குள்ளை வந்திருந்து, வளையம் எண்டார், வெட்டு எண்டார், ஒட்டு எண்டார். எனக்கு ஒரு மண்ணும் விளங்கேல்லை. கடைசியா, 'வெட்டின அடையாளமே இருக்காதாம் தியாகலிங்கம், தம்பியே தன்ரை வாயாலை சொல்லிப்போட்டான், பெருநாளைக்கு வருவான்' எண்டார். உங்களுக்கெண்டு ஒரு சட்டைத்துணியும் வெட்டி வைச்சவர். அது இன்னும் கடை றாக்கையிலை மடிச்சபடி கிடக்கு."

யூசுப் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். காக்கா கேட்ட கேள்வி பற்றீரியாவைப் பற்றியதல்ல என்று அந்தத் தெருமுனையில்தான் அவனுக்கு விளங்கியது. மூத்தவர் இறங்கி வந்து சமாதானம் கேட்டிருக்கிறார், இளையவன் பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறான். எப்படி அவ்வளவு மடையனாக இருந்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, எட்டி நடந்து போய் மறுபடியும் தோள் கொடுத்தான்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் லெப்பை சனத்தைப் பார்த்துத் திரும்பினார். "இவராலை ஆருக்கும் மனவருத்தம் இருந்தாப் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றார். "பொறுத்தம்" என்று வரிசை வரிசையாகக் குரல் வந்தது. முன்வரிசையில் யூசுப்பின் வாய் திறக்கவில்லை. பொறுக்கவேண்டியவர் காக்கா. அவரிடம் அதைக் கேட்க இனி ஒரு வழியும் இல்லை.

காக்காவுக்கு இரண்டும் பெண்பிள்ளைகள். ஆகவே மையவாடியில் கபுறுக் குழிக்குள் இறங்கியது யூசுப்தான். இன்னொருவர் கால்பக்கம் பிடித்தார். மையித்தை வைத்து, தொழும் திசையான கிப்லாப் பக்கம் சரித்து, கட்டுகளை அவிழ்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் எவரும் அவற்றை இழுத்ததும் கழன்றுவிடுகிற சுருக்காகக் கட்டுவது. கால்மாட்டை ஓர் இழுப்பில் அவிழ்த்தார் மற்றவர். இடுப்புக் கட்டும் அப்படியே கழன்றது.

தலைமாட்டுக்கு வந்த யூசுப்புக்கு இழுக்க நுனி அகப்படவில்லை. அப்போதுதான் தான் என்ன கட்டியிருக்கிறோம் என்பது தெரிந்தது. நகத்தால் கிண்டினான். பன்னீரில் ஊறிய நாடா கல்லாக இறுகியிருந்தது. மேலே ஓதல் நின்றது. மண்வெட்டியோடு நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காரியமில்லைத் தம்பி, வெட்டிவிடுங்கோ" என்று லெப்பை ஒரு வில்லுக்கத்தியை விரித்து நீட்டினார்.

யூசுப் கத்தியைப் பார்த்தான்.

"வேண்டாம். வெட்டவேண்டாம். நான் அவிழ்க்கிறன்."

மண்டியிட்டுக் குனிந்து முடிச்சில் பல்லை வைத்தான். சின்ன வயதில் பட்டநூல் சிக்கினால் காக்கா இப்படித்தான் செய்வார். வெட்டினால் நூல் கட்டையாகிவிடும், பொறு என்பார். பன்னீரும் கற்பூரமும் நாக்கில் கசந்தன. ஒற்றைத் துணிக்கு அப்பால் காக்காவின் நெற்றி இருந்தது. இத்தனை வருசத்தில் இவ்வளவு கிட்ட அவன் போனதில்லை. சொல்லவேண்டியதெல்லாம் தொண்டைக்கு வந்தது. வாயில் நாடா இருந்தது. கடித்து இழுத்தான். ஒரு மடிப்பு இளகியது. இன்னொன்று. செருகிய நுனி மெல்ல வெளியே வந்தது.

துணியை விலக்கி, காக்காவின் கன்னத்தை மண்ணில் பட வைத்தான். தாடியில் கற்பூரத் தூள் அப்படியே இருந்தது. இந்த முறை விரலால் அதைத் தட்டிவிட்டான்.

மேலே ஏறி வந்ததும் பலகைகள் இறங்கின. எல்லோருடனும் சேர்ந்து அவனும் மண் அள்ளிப் போட்டான். கூட்டம் கலைந்து நடக்கத் தொடங்கியபோது, வாசலடியில் நின்ற தியாகலிங்கம் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, உதட்டிலை ஒரு நூல்."

யூசுப் துடைக்கக் கையைத் தூக்கினான். விரல் உதடுவரை போனது. பிறகு கையைக் கீழே விட்டுவிட்டு அவரோடு நடந்தான்.