வலது கண்ணுக்குப் பொருந்திய துப்பாக்கி

1953 அக்டோபர் பதினொன்றாம் தேதி ஞாயிறு காலை ஏழேகால் மணிக்கு, எய்பார் நகரில் பிஷெந்தாவின் அடுப்பிலிருந்த பாலுக்குள் இருபத்திரண்டு ஈய ரவைகள் விழுந்தன. கூரையில் ஓட்டை இல்லை, ஜன்னலும் சாத்தியிருந்தது. அந்த வாரம் பால் விலை கால் பெசெட்டா ஏறியிருந்ததால் அவள் பாலைக் கொட்டவில்லை. துணியில் வடிகட்டி, ரவைகளைக் கழுவித் துடைத்து, பொத்தான் டப்பாவில் போட்டு வைத்தாள். அவை ஆறாம் நம்பர் ரவைகள் என்று பார்த்தவுடனே தெரிந்தது. காட்டுப்புறாவுக்கு அதைத்தான் போடுவார்கள். எங்கள் ஊரில் பாதிப் பேர் துப்பாக்கி செய்கிறவர்கள், ரவையின் நம்பர் தெரியாதவர் யாருமில்லை.

அவளுடைய அண்ணன் இனாசியோ குழல்களைப் பொருத்துவான், பிஷெந்தா கட்டை செதுக்குவாள். சுடுகிறவனின் கை, கழுத்து, தோள், கன்னத்து எலும்பு எல்லாவற்றுக்கும் ஏற்றபடி வால்நட் மரத்தை இழைப்பது அவள் வேலை. கடைக்கு வருகிறவர்கள் முதலில் பூ வேலையைப் பார்ப்பார்கள், பிறகு எடையைக் கேட்பார்கள். அவள் இரண்டையும் காதில் வாங்கமாட்டாள். பொருந்திய துப்பாக்கியைக் குறி பார்க்க வேண்டியதில்லை என்பாள். கண் பறவையைப் பார்க்கும், கை தானாக உயரும், கட்டை கன்னத்தில் வந்து உட்காரும், ரவை கண் போன இடத்துக்குப் போகும். பொருந்தாவிட்டால் தங்கத்தில் செய்தாலும் அது கம்புதான். அளவு சரியா என்று பார்க்க, நீளமும் சாய்வும் திருகி மாற்றக்கூடிய ஓர் அளவுத் துப்பாக்கி இருந்தது. சுடவே முடியாத வெறுங்கட்டை அது. அதை வந்தவரின் கையில் கொடுத்துவிட்டு நான்கடி தள்ளி எதிரில் நிற்பாள். "என் வலது கண்ணைப் பாருங்க. பாத்துக்கிட்டே சட்டுனு தோளுக்குக் கொண்டாங்க." வந்தவரின் கண் குழலுக்கு நடுவே உதித்தால் அளவு சரி. ஒதுங்கினால் திருகை ஒரு சுற்று திருப்புவாள். சாதாரண ஆளுக்கு நான்கைந்து முறை போதும்.

அந்த வருடம் மே மாதம் வந்தவன் எர்ரமுன், மலைக்கு அந்தப் பக்கம் எட்சலாரில் தபால்காரன். கழுத்து நாரையினுடையது, தோள் வழுக்குப் பாறை. எந்தக் கடைத் துப்பாக்கியை எடுத்தாலும் அது அவன் கன்னத்தை வீங்க வைத்துவிட்டுப் பறவைக்கு ஒரு முழம் மேலே சுட்டது. எட்சலார் மலைமுகட்டில் கல்லடுக்கிக் கட்டிய ஒன்பது மேடைகள் உண்டு. அக்டோபரில் வடக்கிலிருந்து வரும் புறாக்கள் அவற்றின் மேலாகத்தான் கடக்கும். ஏழாம் மேடை எர்ரமுனின் குடும்பத்துக்கு உரியது; மற்ற நாட்களில் தபால் சுமப்பதால் அவன் ஞாயிறு காலைகளில் மட்டுமே அங்கே ஏறுவான். நான்கு வருடம் தொடர்ந்து ஒரு பறவைகூட விழாத மேடையை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். புதுத் துப்பாக்கியோடு கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம் என்று ஊர் அவனுக்கு ஒரு சலுகை தந்திருந்தது.

பிஷெந்தா அவனை அளவெடுக்க மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். நாற்பத்தொரு முறை அவன் அவளுடைய வலது கண்ணைப் பார்த்துக் கட்டையைத் தோளில் வைத்தான். இனாசியோ அரத்தை நிறுத்திவிட்டு எண்ணிக்கொண்டிருந்தான். வந்தவன் கிளம்பிய பிறகு, "மூணாவது தடவையே அளவு சரியாயிருச்சு, நானே பாத்தேன். மிச்ச முப்பத்தெட்டும் எதுக்கும்மா?" என்று கேட்டான். "உனக்குப் பொறுமை கிடையாது, அதான் உன் குழலெல்லாம் அரை நூல் கோணல்," என்றாள் பிஷெந்தா. ஆகஸ்டில் துப்பாக்கி முடிந்தது. எங்கள் ஊரில் அதுவரை எந்தத் துப்பாக்கியும் எந்த மனிதனுக்கும் அவ்வளவு பொருந்தியதில்லை. எர்ரமுன் அதைத் தோளில் வைத்தபோது கட்டை தன்னை நோக்கி ஒரு பெருமூச்சு விட்டதாகச் சொன்னான். புது எண்ணெய் காயும்போது அப்படித்தான் இருக்கும் என்று அவள் ரசீது எழுதிக் கொடுத்தாள்.

ஆனால் நவம்பரில் அவன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். ஒரு பறவையும் விழவில்லை. பிஷெந்தா கட்டையில் காகிதம் அளவு இழைத்துக் கொடுத்தாள். பொருத்தம் இன்னும் கூடியது. அடுத்த அக்டோபர் ஞாயிறுகளில் ரவைகள் முன்பைவிடச் சுருக்கென்று விழுந்தன. பூசையில் அவள் பார்த்துக்கொண்டிருந்த பெரிய மெழுகுவர்த்தி அம்மைத் தழும்பு போலப் புள்ளி புள்ளியாயிற்று. பாதிரியார் ஒரு வரி நிறுத்திவிட்டு மேலே ஓதினார். எர்ரமுன் வெறுங்கையோடு வந்தான், அவள் மறுபடி இழைத்தாள். 1955இல் தெற்குக் காற்று பதினோரு நாள் ஓயாமல் அடித்தது. அந்தக் காற்றில் எங்கள் ஊர் நாய்கள்கூட ஓரிடத்தில் படுக்காது, ஆட்கள் காரணமில்லாமல் பீங்கானை உடைப்பார்கள். அந்த நாட்களில் ஒரு ஞாயிறு தெருவில் போகும்போது முடிதிருத்தகத்துக் கண்ணாடியை ஒரு கணம் பார்த்தாள். கண்ணாடி முழுதாக உதிர்ந்தது. கடைக்காரரின் காதுக்கு நான்கு விரல் தள்ளி. அன்று முதல் ஞாயிறு காலைகளில் அவள் தன் காலணி நுனியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஊர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டது. அவளுக்கோ ராத்திரி தூக்கமில்லை, பகலில் உளி நிற்கவில்லை. நான்கடி தூரத்தில் நின்று மனிதரின் கண்ணைப் பார்ப்பதுதான் அவள் அறிந்த ஒரே தொழில்.

நவம்பரில் எர்ரமுன் வந்து புலம்பினான். "பதினாறாம் தேதி காலையில எட்டரை மணிக்கு ரெண்டு வெடி. பறவை மூக்குக்கு நேரா வந்துச்சுங்க. ரவை வெளிய போன சத்தம் கேக்குது, போன இடம் தெரியலை." கண்ணாடி உதிர்ந்தது அதே நாள், அதே எட்டரை மணிக்கு. பிஷெந்தா பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்தாள். அவன் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தான். "என்னோடதுதான்," என்றான். பிறகு அதைத் துடைத்துத் திரும்ப வைத்தான்.

விஷயம் இவ்வளவுதான். துப்பாக்கி அவனுக்கு முழுக்கப் பொருந்திவிட்டதால் அதற்கு அவன் கண் தேவைப்படவில்லை. அவன் நாற்பத்தொரு முறை பார்த்து அதற்குக் காட்டிய கண் ஒன்றே ஒன்று: பிஷெந்தாவின் வலது கண். அந்தக் கண் எதைப் பார்க்கிறதோ அதை நோக்கி ரவை மலைகளைத் தாண்டிப் போயிற்று. "கட்டையில அரை விரல் எடுத்தாப் போதும், பொருத்தம் கெட்டுரும்," என்றான் இனாசியோ. பிஷெந்தா இழைப்புளியை எடுத்தாள். ஒரு பகல் முழுக்கக் கையில் வைத்திருந்தாள். சாயங்காலம் உளியைச் சுவரில் மாட்டிவிட்டு, "பொருந்தின துப்பாக்கியக் கெடுக்க எனக்குத் தெரியாது," என்று துப்பாக்கியை அப்படியே கொடுத்தனுப்பினாள்.

1956 செப்டம்பரில் தங்கை நிகாசிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் அக்டோபர் ஏழாம் தேதி ஞாயிறு பதினோரு மணிக்கு, பிஷெந்தாதான் ஞானத்தாய். எர்ரமுனுக்கு அது நான்காவது வருடம். அவள் கடிதம் எழுதியதும் பேருந்தேறி வந்துவிட்டான்.

"அந்த ஒரு ஞாயிறு நான் சுடலை. தபால் பையத் தூக்கிட்டுப் போயிடுறேன்."

"அடுத்த ஞாயிறு? பிள்ளை ஒரு ஞாயிறு மட்டுமா கண்ணு முன்னால இருக்கும்?"

"அப்ப துப்பாக்கிய ஆத்துல போட்டுடுறேன். மேடை போனாப் போகட்டும்."

"என் கை வேலைய ஆத்துல போடுவீங்களா? போட்டுத்தான் பாருங்களேன்," என்றாள். அவன் முகத்தை அவள் அன்று நன்றாகப் பார்த்தாள். அது செவ்வாய்க்கிழமை, ஆபத்தில்லை.

சனிக்கிழமை அவள் நிகாசியிடம் போய், தன்னால் வர முடியாது, இனாசியோவின் மனைவி ஞானத்தாயாக நிற்கட்டும் என்றாள். "அக்கா, பொறந்து மூணு வாரமாச்சு, ஞாயித்துக்கிழமை தூக்கிட்டு வந்தாலே நீ தரையப் பாக்குறே. எம் பிள்ளை உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று நிகாசி அழுதாள். பிஷெந்தா சோள ரொட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு கடைசிப் பேருந்தைப் பிடித்தாள்.

விடியற்காலையில் அவள் தலையைக் குனிந்தபடியே மலையேறி ஏழாம் மேடைக்கு வந்தாள். மேடைகளை மேற்பார்க்கும் கிழவர் எவாரிஸ்தோ எட்டாம் மேடையிலிருந்து குரல் கொடுத்தார். "என்னடா தபால்காரா, துப்பாக்கிக்குத் துணைக்கு ஆள் கூட்டியாந்துட்டியா? புறாவுக்கு லெட்டர் படிச்சுக் காட்டவா?" மற்ற மேடைகளும் சிரித்தன. காற்று தெற்கிலிருந்து அடித்தது. எர்ரமுன் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தோட்டாக்களை எண்ணி எண்ணி மாற்றி வைத்தான். வடக்கே முதல் மேடைக்காரன் கொம்பு ஊதினான். மந்தை வந்துகொண்டிருந்தது.

"நீங்க எங்கயோ பாத்துச் சுடுங்க, எனக்கென்ன," என்றாள் பிஷெந்தா. "எம் முகத்தை மட்டும் பாக்காதீங்க. பாத்தா நானும் திரும்பிப் பாத்துருவேன்."

கண்ணாடி உதிர்ந்ததற்குப் பிறகு முதல் முறையாக ஒரு ஞாயிறு காலை அவள் கண்ணை உயர்த்தினாள். வானம் முழுக்கச் சாம்பல் நிறச் சிறகுகள். நூறில் ஒன்றை, இடது ஓரத்தில் தனியே வந்த ஒரு கிழட்டு ஆண் புறாவை, பார்த்தாள். எர்ரமுன் கண்ணை இறுக மூடிக்கொண்டு நேர் எதிர்த்திசையில் சுட்டான். ரவை குகை வௌவால்கூட்டம் போலச் சடாரென்று திரும்பியது. புறா மேடைக்கு முன்னால் விழுந்தது. எவாரிஸ்தோ கீழே இறங்கி வந்து பறவையைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "செத்துதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு தன் கணக்கேட்டில் ஏழாம் மேடைக்கு நேராக ஒரு கோடு போட்டார். எப்படி என்று கேட்பது அவர் பொறுப்பில் இல்லை.

அன்று சாயங்காலம் எய்பாருக்குத் திரும்பிய பிஷெந்தா, நிகாசியின் வீட்டில் தொட்டில் அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்தாள். நிகாசி கிறிஸ்துமஸ் வரை அவளோடு பேசவில்லை. 1958இல் எர்ரமுனுக்கும் பிஷெந்தாவுக்கும் கல்யாணம் நடந்தது, புறாக் குழம்பு போதாமல் கருவாடு வாங்க ஆள் ஓடியது. மலைமுகட்டு விதிகளில் ஒரு வரி கூடியது: ஏழாம் மேடையில் இரண்டு பேர் இருந்தாலும் ஒரு துப்பாக்கி என்றே கொள்க.

1961இல் ஒரு ஞாயிறு, மந்தை வரத் தாமதமான ஒரு நொடியில், அவன் சுட்ட கணத்திலேயே பிஷெந்தா அவசரப்பட்டு அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். எர்ரமுனின் வலது கன்னத்தில், கட்டை வந்து உட்காரும் அதே இடத்தில், ஒரே ஒரு ரவை ஏறியது. மற்றவையெல்லாம் அவள் இமையை மூடியவுடன் புல்லில் உதிர்ந்துவிட்டன. மருத்துவர் அதை எடுக்க வேண்டாம் என்றார். கன்னம் அந்த அளவுக்குப் புடைத்துக்கொண்டதால் துப்பாக்கி இடித்தது. அவள் அவனை எதிரில் நிறுத்தி, அளவுத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, வலது கண்ணைப் பார்க்கச் சொல்லி, கட்டையில் ஒரு கடுகு அளவுக்குக் குழி எடுத்துக் கொடுத்தாள். இப்போதும் ஞாயிறு மதியம் அவர் துப்பாக்கியை மடித்துத் திறந்து, இரண்டு குழலும் காலி என்று வெளிச்சத்தில் காட்டுகிறார். அதன் பிறகுதான் அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கிறாள். பக்கத்து மேடைக்காரர்கள் அதற்குள் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிடத் தொடங்கியிருப்பார்கள்.