பொழுது சாயாத ஊர்

"நைனா, சூரியன் ராத்திரியில எங்க போயி தூங்குது?" என்று வினோத்குமார் ஐந்து வயதில் ஒருமுறை கேட்டான். பகல் முழுக்கச் சேற்றில் நின்றுவிட்டு வந்து படுத்திருந்த அப்பா புருஷோத்தமன், செய்யாத்துக்கு அந்தாண்ட என்று சொல்லித் திரும்பிப் படுத்தார். அதுக்குத் தூக்கம் வரலேன்னா இன்னா பண்ணும் என்று பையன் விடவில்லை. உனக்கு வந்தா போதும், கம்முனு படு என்று அதட்டினார். அதற்கு விடை தெரிந்தே தீருவது என்றுதான் பையன் பின்லாந்து வரைக்கும் போய்விட்டான் என்று இப்போது பெருநகர் டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

உண்மையில் அவன் போனது கம்ப்யூட்டர் வேலைக்கு. போய் நான்கு வருடமாகியும் ஒருமுறைகூட ஊருக்கு வர வாய்க்கவில்லை. புதுக் கம்பெனிக்கு மாறியதால் இந்த வருடமும் நீண்ட லீவு கிடையாது. ஜூலை தொடக்கத்தில் இரண்டு வாரம் கிடைக்கிறது, நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுங்கள் என்று விசா, டிக்கெட் எல்லாவற்றையும் அவனே ஏற்பாடு செய்தான். அந்த நாட்டின் வடகோடியில் லாப்லாந்து என்று ஒரு காட்டுப் பிரதேசம் இருக்கிறதாம். அங்கே ஏரிக்கரையில் ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டு, வீடியோ காலில் அதன் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினான். வீட்டில் கரண்டு கிடையாது. குடிக்கவும் குளிக்கவும் ஏரித் தண்ணீர். சமைக்க விறகு, அதையும் நாமே பிளந்துகொள்ள வேண்டும். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே தனியாக ஒரு பெட்டி போல நின்றது. பார்வைக்கு எட்டிய தூரம் வரை வேறு வீடு இல்லை. இத்தனையையும் அவன் பெருமையாகச் சொன்னான்.

"இதெல்லாம் நம்ம வூட்ல இருந்துச்சுன்னுதாண்டா உங்க தாத்தா எனக்குப் பொண்ணு குடுக்க யோசிச்சாரு," என்றார் புருஷோத்தமன். "நீ வாடகை குடுத்துக் கூப்புடற."

"கரடிகூட கீது நைனா. ஆனா கிட்ட வராது."

"வராதேன்னு அதுங்கிட்ட சொல்லி வெச்சிக்கிறியா?"

அம்மா கல்பனாவுக்குக் கரடியும் பெரிதில்லை, கக்கூஸும் பெரிதில்லை. பையனைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கோடைகாலத்திலும் அங்கே குளிரும் என்று தெரிந்ததும் புருஷனை இழுத்துக்கொண்டு உத்திரமேரூர் போனாள். கத்திரி வெயிலில் ஜவுளிக்கடையில் ஸ்வெட்டர் கேட்டபோது கடைக்காரர் முதலில் அவள் முகத்தையும் பிறகு வெளியே கொதித்துக்கொண்டிருந்த பஸ் ஸ்டாண்டையும் பார்த்தார். பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்த ஒன்றைப் புருஷோத்தமன் போட்டுப் பார்த்தார். மேலே போனது, கழற்ற வரவில்லை. வேர்வையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைப் பையனும் கல்பனாவும் ஆளுக்கொரு கை பிடித்து இழுக்க, உள்ளேயிருந்து அவர் ஏதோ சொன்னது நல்லவேளையாக யாருக்கும் புரியவில்லை. அங்கே கொசு அதிகம் என்று பையன் சொல்லியிருந்ததால் கொசு பேட் ஒன்றும் வாங்கிக்கொண்டார்கள். அதை எதில் சார்ஜ் போடுவது என்று பஸ் ஏறிய பிறகுதான் இருவருக்கும் தோன்றியது.

பெட்டி அடுக்கத் தொடங்கிய அன்று கல்பனா போனில் பையனிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள், அங்கே எத்தனை மணிக்குப் பொழுது சாயும் என்று. சாயாது என்றான் அவன். நாம் இருக்கப்போகும் நாட்களில் சூரியன் வானத்தைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர இறங்காது, அதைப் பார்க்கத்தானே இத்தனை தூரம் என்று உற்சாகமாக விளக்கிக்கொண்டே போனான். கல்பனா சரிப்பா என்று போனை வைத்தாள். அடுக்கிய புடவைகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் திரும்பப் பீரோவில் வைத்தாள்.

"நீ மட்டும் போயிட்டு வா," என்றாள் புருஷனிடம். "என் வெரதத்துக்கு அந்த ஊரு ஒத்து வராது."

பதினோரு வருடத்துக்கு முன்பு ஏரிக்கரைச் சரிவில் டிராக்டர் கவிழ்ந்து புருஷோத்தமன் அதன் அடியில் போனார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது கல்பனா பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். இவர் எழுந்து நடந்தால், ஆயுசுக்கும் சனிக்கிழமைகளில் பொழுது சாய்ந்து விளக்கு வைக்கிறவரை வெறும் தண்ணீர்தான். அவர் எழுந்தார், நடந்தார், அடுத்த போகத்துக்கு நாற்றும் விட்டார். அவள் அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. இது அவருக்குத் தெரியாது என்றில்லை. கொல்லையில் மோட்டார் ஓடுவது போல அது வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் வருகிறவரை மோட்டாரை யார் நினைக்கிறார்கள்? சொல்லப்போனால் சனிக்கிழமைகளில் அவருக்குச் சாப்பாடு விசேஷமாகவே இருக்கும். நான்தான் பட்டினி, நீயாவது வாய்க்கு ருசியா சாப்புடு என்று வடை தட்டிப் போடுவாள். குழம்பில் மட்டும் உப்பு ஒருவாரம் கூடும், ஒருவாரம் குறையும். அதை அவர் குத்திக் காட்டாத சனிக்கிழமை கிடையாது.

பிரயாணத்தைக் காப்பாற்ற ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். நம் ஊர் நேரத்துக்குப் போனில் அலாரம் வைத்துக்கொள்ளலாம் என்றான் வினோத்குமார். கடியாரத்துக்கிட்டயா வேண்டிக்கினேன் என்று கேட்டாள் கல்பனா. டிராக்டர் ஓட்டும் ஐசக், அன்றைக்கு மண்ணைத் தோண்டிப் புருஷோத்தமனை வெளியே இழுத்தவர், அவருடைய நிலத்திலேயே காலமெல்லாம் உழைத்தவர், வாசலில் நின்றபடி தன் யோசனையைச் சொன்னார்.

"நம்ம நெல்லு மூடற தார்ப்பாய எடுத்துக்கினு போங்கண்ணி. சன்னல் கதவெல்லாம் அடிச்சி மூடிட்டா உள்ள இருட்டாயிடும். வெளக்க ஏத்து, சாப்புடு, அப்புறம் தொறந்து வுடு."

"பெருமாள் கண்ணுலயே தார்ப்பாய் போடச் சொல்றியா ஐசக்கு?"

"எங்க ஏசப்பா இதெல்லாம் கண்டுக்க மாட்டாரு," என்று முனகிக்கொண்டே ஐசக் போனார்.

கல்பனா யாரிடமும் கோபப்படவில்லை. மகனுக்காகப் பருப்புப் பொடி அரைத்தாள், ஊறுகாய் கட்டினாள், எல்லாவற்றையும் புருஷன் பெட்டியில் வைத்தாள். அதைப் பார்க்கப் பார்க்கப் புருஷோத்தமனுக்குப் பேஜாராக இருந்தது. நான்கு வருடமாக போன் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருக்கிறவள், தன்னால்தான் தடுக்கப்படுகிறாள் என்பது மெதுவாக, முள் ஏறுவது போல ஏறியது. ஒருநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு பெருமாள் கோயிலுக்குப் போனார்.

பட்டர் முழுவதும் கேட்டுக்கொண்டார். சூரியன் விழாத ஊருக்குத் தன்னிடம் பஞ்சாங்கம் கிடையாது என்று முதலில் கையை விரித்தார். பிறகு துளசியைக் கிள்ளியபடியே கேட்டார்.

"ஆத்துக்காரி யாருக்காக வேண்டிண்டா?"

"எனக்காகத்தான் சாமி."

"அப்போ பாக்கி உம்ம பேர்லன்னா இருக்கு. அவளுக்கு அங்க ரெண்டு சனி தவறினா, போறதுக்கு முன்னால நீர் ரெண்டு சனி விரதம் இரும். ஆனா ஊரெல்லாம் சொல்லிண்டு திரியப்படாது. பெருமாளுக்குத் தெரிஞ்சா போறும்."

வீட்டுக்கு வந்து, பட்டர் பரிகாரம் சொல்லிவிட்டார், அதற்கு ஆகவேண்டியதைச் செய்தாகிவிட்டது, அந்த இரண்டு சனிக்கும் உன்னைப் பெருமாள் கேட்கமாட்டார் என்றார். நெஜமாவா என்றாள் கல்பனா. பட்டரே சொன்னாரு என்றார். அது மட்டும் பொய்யில்லை. புடவைகள் மறுபடி பெட்டிக்கு வந்தன.

முதல் சனிக்கிழமை கெட்டுப் போனது. உத்திரமேரூரில் உரக்கடை வாசலில் தெரிந்தவர் ஒருவர் சுடச்சுட போண்டாவைக் கையில் திணித்தார். பாதி உள்ளே போன பிறகுதான் நினைவு வந்தது. வாயில் இருந்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் மனமில்லாமல் அவர் நின்ற கோலத்தைப் பார்த்துக் காரமா என்று கேட்டார் நண்பர். அந்தச் சனி கணக்கில் சேராது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு மிச்சப் போண்டாவையும் சாப்பிட்டார்.

அடுத்த சனி, வயலில் வேலை இருக்கிறது, கேரியரில் போட்டுக் கொடு என்று வாங்கிப் போய் அப்படியே ஐசக்கிடம் நீட்டினார். வயிறு சரியில்லை என்றார். ஐசக் வரப்பில் உட்கார்ந்து நான்காவது வடையைச் சாப்பிடும்போது அவர் போய் வேப்பமரத்தின் மறுபக்கம் உட்கார்ந்துகொண்டார். மத்தியானத்துக்கு மேல் கண் இருட்டியது. இப்படிப்பட்ட வயிற்றோடு அடுப்படியில் நின்று, எண்ணெய் மணத்தில் ஒருத்தி எப்படி வடை தட்டுவாள் என்று நினைத்தார். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. விரதத்தில் அவளால் ருசி பார்க்க முடியாது. பதினோரு வருடமாகக் கைக்கணக்கில்தான் உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அன்று மாலை கழுவிய கேரியரை அவள் வாங்கி, உப்பு எப்டி இருந்துச்சு என்று தயங்கிக் கேட்டபோது, கரெக்டா இருந்துச்சு என்றார். அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சுரம் ஏதும் இல்லை.

புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை, கேரியரை ஐசக்கிடம் கொடுத்துவிட்டுப் பொழுது சாயும் நேரத்துக்கு ஏரிக்கரைக்குப் போனார். யாரும் இல்லை. கோடையில் வற்றி, நடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. சூரியன் பனைமரங்களுக்கு மேலே ஒரு முழம் இருந்தது. வெகுநேரம் கழித்துப் பார்த்தார், அதே முழம் இருந்தது. இத்தனை வருடம் விவசாயம் செய்தும் அது இவ்வளவு மெதுவாக இறங்குகிற ஆள் என்று அவருக்குத் தெரியாது. கடைசியில் இறங்கப்போகிற சமயம் பார்த்து ஒரு மேகம் வந்து மறைத்தது.

சாய்ந்துவிட்டதா, இல்லையா? எழுந்து வேட்டியைத் தட்டினார். பசி போகலாம் என்றது. மேகத்தின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. ஒரு கொக்கு சேற்றில் ஒற்றைக் காலில் நின்று, அவரைப் போலவே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று புருஷோத்தமன் மறுபடியும் கரைமேல் உட்கார்ந்தார்.