கரிக்கொட்டகைச் சாவி

பெட்ரோல் இல்லாமல் பஸ் ஓடும் என்று சொன்னபோது திருத்தணியில் யாரும் நம்பவில்லை, கஜபதி நம்பினார். யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு ஆனதும் தன் ஒரே பஸ்சின் முதுகில் பெரிய இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி, அதில் கரியை எரித்து, வருகிற வாயுவில் அம்மையார்குப்பம் வரைக்கும் வண்டியை ஓட்டிக் காட்டினார். அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தன் ஆட்களை மட்டும் நம்ப முடியவில்லை.

ஆட்கள் மூன்று பேர். வண்டியோட்ட நூர் முஹம்மது, கரி போட்டு நெருப்பு மூட்ட வேடியப்பன், டிக்கெட் கொடுக்க ராஜமாணிக்கம். இந்த ராஜமாணிக்கம் கஜபதியின் சொந்த மச்சினன், அதனால் அவன்மேல் சந்தேகம் இன்னும் ஒரு படி கூடுதல்.

ஆட்களைக் கட்டி மேய்க்க அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டு, தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்துவார். "உன்னை ஒருத்தனைத்தான் நம்பறேன். மத்த ரெண்டு பேர் மேல ஒரு கண்ணு வச்சுக்கோ. யாருக்கும் தெரிய வாணாம்." மூவரிடமும் இதே பேச்சு, இதே தோள், இதே கை. தொழில் நடத்துகிற சூட்சுமம் தனக்குப் பிடிபட்டுவிட்டதென்று அவருக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை.

ஆனால் எட்டு மாதமாகியும் ஒருவனும் இன்னொருவனைப் பற்றி மூச்சு விடவில்லை. கேட்டால், "எல்லாம் ஒழுங்காத்தான் போய்கினு இருக்குதுங்க" என்றார்கள். கோள் வந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கோளே வராததால், மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்.

அப்புறம்தான் நூரின் பை கண்ணில் பட்டது. தினமும் சாயங்காலம் நூர் ஒரு துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான். போதாக்குறைக்கு, அரக்கோணத்தில் பஸ் வைத்திருக்கும் துளசிங்கம் ஒரு டீக்கடையில் நூரோடு பேசிக்கொண்டிருந்ததை கஜபதியே பார்த்தார். ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள்தான் இருந்தது. காவடிக் கூட்டம் அலைமோதுகிற நேரத்தில் நூர் போய்விட்டால் பஸ் கொட்டகையில்தான் நிற்கும். கரி வண்டியின் குணம் தெரிந்த டிரைவர் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில், பிரயாணிகள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பையைப் பிடுங்கிக் கீழே கொட்டினார். கரித்தூள் பறந்து அவருடைய வெள்ளை வேட்டியிலேயே படிந்தது.

"சலிச்சு மிஞ்சின தூளுங்க," என்றான் நூர். "வூட்ல எம் பொஞ்சாதி ஆலம் பீ களிமண்ணு சேத்து உருட்டி அடுப்புக்கு வச்சுக்குது. வெளிய கொட்றதுதானே மொதலாளி."

வேறு யாராவது இருந்தால் தலையைத் தொங்கப் போட்டிருப்பார்கள். கஜபதியோ, "தூளும் கரிதானே?" என்று கேட்டார். நூர் காலிப் பையை மடித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து சலிப்பது நின்றது. சலிப்பதால்தானே தூள், தூளால்தானே திருட்டு! கரிக்கொட்டகையைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, கரியைத் தன் கையாலேயே கூடையில் அள்ளிக் கொடுத்தார். "சலிக்காத போட்டா தூளு போயி அடைச்சுக்கும்ங்க," என்று வேடியப்பன் சொன்னதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கிருத்திகை அன்று அம்மையார்குப்பத்து நெசவுக்காரக் குடும்பங்கள் மஞ்சள் துணியும் பூக்காவடியுமாக பஸ்சை நிறைத்தன. நூரைக் கண்காணிக்க கஜபதி முன்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். பாதி வழியில் ஒரு மேட்டில் வண்டி இருமியது, முனகியது, நின்றுவிட்டது.

நேரம் பார்த்து நூர் கழுத்தறுத்துவிட்டான் என்று அவருக்கு உடம்பெல்லாம் கொதித்தது. பாதிப் பேர் காவடிகளை இறக்கிக்கொண்டு, "அரோகரா!" என்று நடந்தே புறப்பட்டுவிட்டார்கள். நூர் சட்டையைக் கழற்றிவிட்டு, வாயுவை வடிகட்டும் பெட்டியைத் திறந்தான். உள்ளே தூள் கெட்டியாக அடைத்திருந்தது. ஒரு நெசவுக்காரம்மா மலையடிவாரத்தில் சமைக்கக் கொண்டுவந்த முறத்தைக் கொடுத்தாள். வேடியப்பனும் ராஜமாணிக்கமும் மீதிக் கரியைச் சாலையோரமாகவே புடைக்க உட்கார்ந்தார்கள்.

கஜபதி மெதுவாக வேடியப்பனைத் தனியே அழைத்தார். தோளில் கை போட்டார். "உன்னை ஒருத்தனைத்தான் நம்பறேன். நூரு வேணும்னுதானே நிறுத்தினான்?"

வேடியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முறத்தைப் பிடித்திருந்த ராஜமாணிக்கம்தான் அங்கிருந்தே பேசினான்.

"வுடுங்க பாவா. எங்கிட்டயும் அதான் சொன்னீங்க, நூரு கிட்டயும் அதான் சொன்னீங்க. மொத நாளே மூணு பேரும் பேசிக்கினோம்."

கஜபதியின் கை வேடியப்பன் தோளிலிருந்து தானாக இறங்கியது. "அப்போ ஏண்டா இத்தினி நாளா எங்கிட்ட சொல்லல?"

பெட்டிக்குள் கையை விட்டிருந்த நூர் நிமிராமலே சொன்னான். "சொல்லிட்டா, உங்களுக்கு நம்பறதுக்கு ஒரு ஆளு கூட இல்லாத பூடுமேன்னுதாங்க."

கஜபதிக்கு அவமானமாக இருந்தது. வேட்டியில் கறுப்புத் தூளோடு பஸ் ஸ்டாண்டில் நின்றபோதுகூட இவ்வளவு அவமானமாக இல்லை. நூர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"துளசிங்கம் உன்னைக் கூப்பிட்டாரா?"

"ஆங். மூணு வாட்டி கூப்பிட்டாருங்க. ரெண்டு வாட்டி முடியாதுன்ட்டேன்."

"மூணாவது வாட்டி?"

"பையக் கொட்டினீங்களே, அதுக்கு மறுநாளு கூப்பிட்டாருங்க." நூர் பெட்டியை மூடி, மரையை இறுக்கினான். "கிருத்திகக் கூட்டம் ஓயட்டும். இவங்க எல்லாரையும் திரும்பக் கொண்டாந்து வுட்டுட்டுத்தான் அவருகிட்ட போவேன்."

"இரு நூரு" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இடுப்பில் முடிந்திருந்த சாவியை அவிழ்க்கப் பார்த்தார். யாரும் அவிழ்த்துவிடக் கூடாதென்று போட்ட முடிச்சு அவருக்கே மசியவில்லை. கடைசியில் கயிற்றையே அறுத்துச் சாவியை நீட்டினார்.

நூர் அதை வாங்கவில்லை. "வேடியப்பங்கிட்ட குடுங்க மொதலாளி. அவனுக்குத்தான் கரி தெரியும்."

கஜபதி எழுந்தார். பழக்க தோஷம், வேடியப்பனை ஓரமாக வரச்சொல்லிக் கையைக் காட்டினார்.

"தனியா கூப்பிடாதீங்க," என்றான் நூர். "இங்கியே, எல்லாரும் பாக்கக் குடுங்க."