முன்வரிசையில் ஐந்து தாய்மார்

கியூபாவின் மத்தான்சாஸ் நகர மண்டபத்தில் கியூபா–அங்கோலா நட்பு விழா. அங்கோலாவுக்குத் துணையாகப் போரிடப் போன பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருக்கு முன்வரிசையில் ஐந்து நாற்காலிகள் போடுவது வழக்கம். இந்த வருடம் உயிரோடு மிஞ்சியவள் யூதோசியா ஒருத்திதான். மற்ற நான்கிலும், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அலுவலகப் பெண்கள் பதக்கம் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“இது என்ன கூத்து?” என்றாள் யூதோசியா.

“போட்டோவுல காலி நாற்காலி விழுந்தா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் பேசாம இருங்கம்மா,” என்றாள் விழாவை நடத்திய யாமில்கா.

“செத்தவளுங்க வரலைன்னு நோட்டீஸ் அனுப்புவே போல!”

அங்கோலாத் தூதர் வரிசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தார். முதல் பெண்ணிடம், “உங்க மகன் பேரு என்னம்மா?” என்றார். அவள் திருதிருவென்று விழித்தாள்.

யூதோசியாவுக்கு ஆத்திரம் பொங்கியது. உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம். ஆனால் அந்த நாற்காலியில் எத்தனை வருடம், இப்போது இல்லாத கார்மெலா தன் மகனுக்காக உட்கார்ந்து அழுதிருக்கிறாள்!

“ஒஸ்மெல்,” என்றாள் உரக்க. “பத்தொன்பது வயசு. டிரம்பெட் வாசிப்பான்.”

அடுத்த நாற்காலிக்கு வந்தபோது, “ரெய்னேரியோ. கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு,” என்றாள். நான்கு பையன்களைப் பற்றியும் அவளே சொல்லி முடித்தாள்.

தூதர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார். “எல்லாரையும் ஞாபகம் வச்சிருக்கீங்கம்மா. ரொம்ப நன்றி.”

அதற்குள் வாத்தியம் முழங்க, அவரை மேடைக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

“என் பையன் இதல்பெர்த்தோ,” என்றாள் யூதோசியா. கைதட்டலில் அது பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்கவில்லை.